வாகனச் சேதத்தைச் சொந்தப் பணத்தில் தாங்கலாமா? திருகோணமலை வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காப்புறுதி புதுப்பிக்கும் மாதம் வந்தால் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: "இத்தனை வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு சதமும் திரும்பி வரவில்லை. இந்தக் காசை நானே வங்கியில் போட்டு வைத்தால் என்ன?" ஆட்டோ, வான், பட்டா, மீன் லொறி வைத்திருப்பவர்கள் இதையொட்டிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்குகளில் வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் கையில் இருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்து அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காப்புறுதி எடுக்காமல், வங்கியில் பணம் இருக்கிறது என்று காட்டி வாகனம் ஓட்டலாமா?

முடியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந் தரப்புக் காப்புறுதி, அதாவது உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கான காப்புறுதி, கட்டாயம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. வீதியில் மறிக்கும் பொலிஸாரிடம் வங்கிப் புத்தகத்தைக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அனுமதிப்பத்திரம் முடியும் திகதியும் காப்புறுதி முடியும் திகதியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அனுமதிப்பத்திரத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். காப்புறுதி போன கிழமையே முடிந்திருக்கும். காப்புறுதி முடியும் திகதியைத் தொலைபேசியில் இரண்டு கிழமை முன்கூட்டியே நினைவூட்டும்படி போட்டு வையுங்கள்.

வெளிநாடுகளில் சுயகாப்புறுதிக்கு, அதாவது சேதத்தைச் சொந்தப் பணத்தில் தாங்குவதற்கு, இடம் உண்டு என்கிறார்களே?

சில இடங்களில் உண்டு, ஆனால் அது தனி ஆளுக்கான வசதி அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சுயகாப்புறுதிச் சான்றிதழ் கேட்க வேண்டுமானால் ஒரே பெயரில் 25க்கு மேற்பட்ட வாகனங்கள் பதிவில் இருக்க வேண்டும். வரக்கூடிய தீர்ப்புகளுக்குப் பணம் கட்டும் வலிமை இருப்பதையும் காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் காப்புறுதி வேண்டாம் என்றால் அரச திணைக்களத்தில் ரொக்கமாகப் பிணைவைப்பு வைக்கலாம். அந்தத் தொகை முன்பு 35,000 டொலர், 2025 ஜனவரி முதல் 75,000 டொலர். பிரித்தானியாவில் 5 இலட்சம் பவுண் வைப்புச் செய்தவருக்கு விலக்கு இருந்தது. 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

25 என்ற அந்த எண் சும்மா வந்ததல்ல. வாகனம் கூடக்கூட, ஒரு வருஷத்தில் எத்தனை விபத்து வரும் என்பது ஓரளவு கணிக்கக்கூடியதாகிவிடும். ஒரேயொரு வாகனம் வைத்திருப்பவருக்கு விபத்து ஒன்றில் வராது, இல்லையென்றால் முழுவதுமாக வரும். அவரால் சராசரி பார்க்க முடியாது.

அப்படியானால் இங்கே நானே தாங்கக்கூடியது எது?

உங்கள் சொந்த வாகனத்துக்கு வரும் சேதம் மட்டுந்தான். மூன்றாந் தரப்பு மட்டும் எடுத்துவிட்டு, மோதல், தீ, திருட்டு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு என்று முடிவெடுப்பது சட்டப்படி சரி. "புல் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை" என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வதன் சரியான பொருள் இதுதான். ஆனால் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு அப்படிச் செய்வதற்கும், ஒன்றும் ஒதுக்காமல் கடவுளே என்று விடுவதற்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதைத்தான் சுயகாப்புறுதி என்று சொல்ல முடியும்.

மூன்றாந் தரப்பு இருந்தால் மற்றவருடைய சேதம் முழுவதையும் கம்பனி பார்த்துக்கொள்ளுமா?

உயிரிழப்பு, உடற்காயம் ஒரு பக்கம். சொத்துச் சேதம் இன்னொரு பக்கம். ஒப்பந்தத்தில் சொத்துச் சேதத்துக்கு ஒரு மேல் எல்லை எழுதியிருப்பார்கள். அனுராதபுரச் சந்தியில் பிரேக் பிடிக்காமல் ஓர் ஆட்டோ போய்ப் புது ஜீப் ஒன்றின் பின்பக்கத்தில் இடித்தால், பின்கதவு, பம்பர், சென்சர், பெயின்ற் என்று வரும் கணக்கு அந்த எல்லையைத் தாண்டலாம். தாண்டிய பகுதி உங்கள் தலையில்தான் விழும். சான்றிதழோடு வரும் அட்டவணையில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். குறைவாக இருந்தால், கூட்டித் தர எவ்வளவு கேட்பீர்கள் என்று விசாரியுங்கள். நிதி ஒதுக்கத் தொடங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

உங்கள் வாகனத்தில் ஏறிவரும் ஆட்களுக்கும் கூலியாட்களுக்கும் என்ன பாதுகாப்பு என்பதையும் அதே அட்டவணையில் பாருங்கள். மீன் லொறியின் பின்னால் ஏறிவரும் மூன்று பேரும் தானாகவே அதில் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும்?

ஓர் ஆட்டோவை எடுப்போம். சந்தை விலை 12 இலட்சம். அடித்து நொறுங்கினால் உடைசலாக 2½ இலட்சத்துக்குப் போகும். திருத்தவோ வேறொன்று தேடவோ 45 நாள் ஓடாமல் நிற்கும். பெற்றோல் செலவு போக நாளொன்றுக்குக் கையில் நிற்பது 2,500 ரூபா. இழுத்துவரும் செலவு 25,000.

முழு இழப்பு என்றால்: 12 இலட்சத்தில் உடைசல் விலை போக 9,50,000. அதோடு 45 நாள் வருமானம் 1,12,500, இழுவைக்கூலி 25,000. மொத்தம் 10,87,500 ரூபா.

திருத்தக்கூடிய பெரிய சேதம் என்றால்: முன்பக்கம், ஷொக், கண்ணாடி, டிங்கரிங், பெயின்ற் எல்லாவற்றுக்கும் 3 இலட்சம் என்று வைத்தால், வருமான இழப்பும் இழுவையும் சேர்ந்து 4,37,500.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: இரண்டாவது தொகை உடனே எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள 6½ இலட்சத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்பதற்குத் தெளிவான ஒரு பதில் இருக்க வேண்டும்: தவணை வைப்பு, அடகு வைக்கக்கூடிய நகை, வருமானமுள்ள இன்னொரு வாகனம், இப்படி ஏதாவது. "மச்சானிடம் கேட்டுப் பார்க்கலாம்" என்பது பதில் அல்ல.

பெரும்பாலானோர் வருமான இழப்பைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. வாகனம் கராஜில் நிற்கும்போதும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். திருத்த வைத்திருந்த காசு அரிசிக்கும் பிள்ளைகளின் டியூசனுக்கும் போய்விட்டால், டிங்கர் வேலை முடிந்த வாகனம் கூலி கொடுக்க முடியாமல் கராஜிலேயே கிடக்கும்.

புல்லுக்கும் மூன்றாந் தரப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வருஷா வருஷம் சேமித்தால் போதாதா?

போதாது. இந்த யோசனையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அதே ஆட்டோவுக்குப் புல் 45,000, மூன்றாந் தரப்பு 7,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 38,000. வட்டியை விட்டுப் பார்த்தால், 12 இலட்சம் சேர 31 வருஷத்துக்கு மேல் வேண்டும். விபத்து அதுவரை காத்திருக்காது. நிதி முதல் நாளே இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கும் 38,000 அந்த நிதியை வளர்க்கவும், சின்னச் சின்ன உடைவுகளுக்கும்.

இப்போது கையில் ஒன்றும் இல்லை, ஆனால் புல்லிலிருந்து வெளியே வர விருப்பம் என்றால் மூன்று, நான்கு வருஷம் புல்லையும் கட்டிக்கொண்டு நிதியையும் சேருங்கள். அந்தக் காலத்தில் வாகனத்தின் விலையும் இறங்கலாம்; இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும்போது மாறுங்கள்.

பணத்தை எங்கே வைப்பது?

ஒரே பெரிய தவணை வைப்பாக வைக்காதீர்கள். அவசரத்துக்கு இடையில் முறித்தால் முழுத் தொகைக்கும் வட்டி குறையும். மூன்று, நான்கு துண்டாகப் பிரித்து, வேறு வேறு மாதங்களில் முதிர்வடையும்படி வையுங்கள். 50,000, 75,000 அளவில் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். இழுவைக்கும் கராஜ் முற்பணத்துக்கும் அது போதும். வட்டியில் 2025 ஏப்ரலில் இருந்து 10 சதவீத வரி பிடிக்கப்படுவதால், எதிர்பார்க்கும் வட்டி வருமானத்தில் அதைக் கழித்துப் பாருங்கள். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை மட்டுமே. அதற்கு மேல் இருந்தால் இரண்டு இடத்தில் பிரியுங்கள்.

சீட்டில் போடாதீர்கள். உங்கள் முறை வரும் மாதத்தில் விபத்து நடக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. நகை வங்கிப் பணத்துக்கு அடுத்த நல்ல வழி, அடகு வைத்தால் அன்றே பணம் வரும். ஆனால் கணக்கில் சேர்க்கும்போது கடை விலையைப் போடாமல் அடகில் தரும் தொகையைப் போடுங்கள்.

மூன்று வான் இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நிதி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் ஒரு வாகனத்துக்கான தொகையை வைத்துக்கொண்டு மூன்றையும் தாங்குகிறேன் என்று சொல்ல முடியாது. மூன்றும் வேறு வேறு வீதியில் ஓடும்போது மூன்றும் ஒன்றாக மோதப்போவதில்லை என்பது உண்மை. இரவில் மூன்றும் எங்கே நிற்கின்றன? ஒரே வளவுக்குள் என்றால், ஒரு வெள்ளம், ஒரு தீ, முறிந்து விழும் ஒரு மரம் போதும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத் தாழ்ந்த நிலங்களில் வாடி போட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒன்றையாவது மேட்டுநிலத்தில் உறவினர் வீட்டில் நிறுத்துவது செலவில்லாத காப்புறுதி.

மூன்று வாகனத்துக்கு, மிகப் பெறுமதியான ஒன்றின் முழு இழப்பும், மற்ற இரண்டுக்கும் தலா ஒரு பெரிய திருத்தச் செலவும் சேர்ந்த தொகை நியாயமான அளவு.

லீசிங் வாகனத்துக்கு?

கதையே இல்லை. தவணை முடியும்வரை முழுக் காப்புறுதி வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. பதிவுப் புத்தகத்தில் அப்சலூட் ஓனராக, அதாவது முழு உரிமையாளராக, இருப்பதும் லீசிங் கம்பனிதான். கடைசித் தவணை கட்டினால் மட்டும் போதாது, அந்தப் பெயரை நீக்கி எடுத்த பிறகு முடிவெடுங்கள்.

நடுவழி ஏதும் உண்டா?

உண்டு, பெரும்பாலானோருக்கு அதுதான் பொருத்தம். புல் எடுத்து, நீங்களே தாங்கும் ஆரம்பப் பகுதியை, அதாவது எக்ஸஸை, கூட்டிக் கேளுங்கள். உதாரணமாக முதல் 75,000 ரூபா சேதம் உங்களுடையது, அதற்கு மேல் கம்பனியுடையது. கட்டணம் எவ்வளவு குறையும் என்று இரண்டு, மூன்று இடத்தில் எழுத்தில் வாங்குங்கள். 75,000ஐக் கூட்டி வருஷம் 3,000 மட்டும் குறைகிறது என்றால் வேண்டாம். 12,000, 15,000 குறைந்தால் யோசிக்கலாம். ஐந்து, ஆறு வருஷம் விபத்தில்லாமல் போனால் அந்த எக்ஸஸ் ஈடாகிவிடும்.

எக்ஸஸ் ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனி. ஒரே வருஷத்தில் இரண்டு தரம் இடித்தால் இரண்டு தரம் கட்ட வேண்டும். ஆகவே நிதியில் குறைந்தது இரண்டு எக்ஸஸ் இருக்கட்டும். சின்னக் கீறலுக்கெல்லாம் உரிமை கோராமல் விட்டால் நோ கிளெய்ம் போனஸும், அதாவது உரிமை கோராதவருக்குக் கட்டணத்தில் தரும் கழிவும், தப்பும்.

புல் எடுத்தவர்களுக்கே முழுப் பணம் கிடைப்பதில்லையே, ஏன்?

முதற் காரணம் குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்வது. 12 இலட்சம் பெறுமதியான வாகனத்தை 8 இலட்சத்துக்குப் பதிந்திருந்தால், 3 இலட்சச் சேதத்துக்குச் சராசரி நிபந்தனைப்படி, அதாவது பதிந்த விகிதத்துக்கே பணம் என்ற நிபந்தனைப்படி, 2 இலட்சந்தான் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறக்கும்வரை பழைய வாகனங்களின் விலை ஏறிப்போனது. ஏறிய விலைக்குத் தொகையைத் திருத்தாதவர்கள் பலர் இப்படித்தான் அடிபட்டார்கள். இறக்குமதி திறந்த பிறகு மறுபக்கமும் உண்டு: விலை இறங்கிய வாகனத்துக்கு ஏறிய தொகையில் கட்டணம் கட்டுவது வீண். சந்தை விலைக்கு மேல் எப்படியும் தரமாட்டார்கள்.

அடுத்தது பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போட்டால் தேய்மானம் கழிப்பது. பிறகு, தனியார் பாவனை என்று பதிந்த வானில் கூலிக்கு ஆள் ஏற்றுவது, அந்த வகுப்புக்கு அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதி, மது. கலவரம், பயங்கரவாதம் தொடர்பான சேதம் தனியான சேர்க்கை. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது. வெள்ளமும் சூறாவளியும் சேர்ந்திருக்கின்றனவா என்று தனியே பாருங்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

யானை, மாடு, மான் மோதினால் யார் தருவார்கள்?

மூன்றாந் தரப்பு மட்டும் இருந்தால் ஒருவரும் இல்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஏ6 வீதியில் இரவில் யானை கடக்கும். நிலாவெளி வீதியில் மழை நாட்களில் மாடுகள் தார் காய்ந்த இடம் பார்த்து நடு வீதியில் படுத்துவிடும். கோட்டைப் பக்கம் மான். மாட்டுக்குச் சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் நட்டஈடு கேட்க வழியுண்டு, ஆனால் அந்த நேரத்தில் மாடு யாருடையது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இரவில் ஹபரணை வழியாகக் கொழும்புக்குக் கிழமைக்கு மூன்று தரம் போகும் மீன் லொறிக்குச் சுயநிதியை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். நகருக்குள் பகலில் மட்டும் ஓடும் பழைய ஆட்டோவுக்குத் தயங்காமல் சொல்வோம்.

வெள்ளத்துக்குள் வாகனம் நின்றுவிட்டது. என்ன செய்வது?

மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சுயநிதியில் ஓடுபவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டிய முதல் விஷயம் இது. காற்று வடிகட்டி வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் நசியாது. சாவியைத் திருப்பியதும் கனெக்டிங் ரொட் வளையும். கழுவிக் காயவைத்து ஒயில் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, எஞ்சினை இறக்கும் வேலையாகிவிடும். பற்றறி வயரைக் கழற்றி, தள்ளி மேட்டுக்கு ஏற்றி, இழுத்துக்கொண்டு போங்கள்.

கடல்நீர் பட்டிருந்தால் காயவிடாதீர்கள். அன்றே நல்ல தண்ணீரால் அடியிலும் பிரேக்கிலும் வயர் இணைப்புகளிலும் கழுவ வேண்டும். 2020 டிசம்பர் 2இல் புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததுபோல வரும் நாட்களுக்கு முன்னறிவிப்பு இருக்கிறது. கரையோரத்தில் நிற்கும் வாகனத்தை முதல் நாளே நகர்த்துங்கள்.

துருவுக்கு எந்தக் காப்புறுதியாவது பணம் தருமா?

தராது. துரு விபத்தல்ல, தேய்மானம். உப்புக்காற்று அடிக்கும் இந்த ஊரில் அதற்குத் தனியாக ஒதுக்க வேண்டும்.

பின் அச்சின் மேலால் போகும் பிரேக் பைப்பைக் குனிந்து பாருங்கள். வெளியே தெரியும் நீளம் சுத்தமாக இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை விரலால் நகர்த்தினால், கீழே ஈர மணல் ஒட்டி, பைப் செதில் செதிலாக உரிந்திருக்கும். அவசரத்துக்குப் பெடலை முழுப் பலத்தோடு மிதிக்கும்போது அந்த இடந்தான் வெடிக்கும். மீன் ஏற்றும் லொறிகளில் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சேஸியின் பொருத்துகளில் தேங்கும். கிழமைக்கு ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துரு பிடித்த இடத்தைச் சுரண்டாமல் மேலால் கறுப்புப் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும்.

மூன்றாந் தரப்பு மட்டும் இருக்கும்போது விபத்து நடந்தால் கம்பனிக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். "எனக்குத்தான் ஒன்றும் வராதே" என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். நட்டஈட்டு வழக்குப் போட மற்றவருக்கு இரண்டு வருஷம் உண்டு. பதினெட்டு மாதம் கழித்து அழைப்பாணை வரும்போது, அறிவிக்கவில்லை என்று கம்பனி கை விரித்தால் நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

காயம் இருந்தால் முதலில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், பிறகு 119 பொலிஸ். பொலிஸார் வரும்வரை வாகனத்தை நகர்த்த வேண்டாம். வாகனங்கள் நின்ற நிலை, டயர் தடம், இரண்டு இலக்கத் தகடுகள், வீதியின் இரு பக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, தரும் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள்.

மற்றவர் அங்கேயே காசு கேட்கிறார். கொடுத்து முடிக்கலாமா?

கீறல், ஒடிந்த கண்ணாடி போன்ற சின்னச் சேதத்துக்கு முடிக்கலாம். காயம் என்றால் ஒருபோதும் வேண்டாம். அன்று நடந்து போனவர் மறுநாள் வீக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவார். கொடுப்பதானால் திகதி, இடம், இரண்டு வாகன இலக்கம், தொகை, "இச்சேதம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வசனம், கையொப்பம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி வாங்குங்கள். "பிழை என்னுடையது" என்று எதிலும் எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்பது காப்புறுதி ஒப்பந்த நிபந்தனையை மீறுவதாகிவிடும்.

ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமல், வாங்கிய வாகனத்துக்கு இந்தத் திட்டம் சரிவருமா?

முதலில் பெயரை மாற்றுங்கள். காப்புறுதி பழைய உரிமையாளர் பெயரில் இருக்க, வாகனம் உங்கள் கையில் ஓடினால், விபத்தன்று பொலிஸும் கம்பனியும் தேடப்போவது அவரை. அவர் வெளிநாடு போயிருந்தால் கையொப்பம் வாங்க நாளாகும். பெயர் மாற்றச் செலவையும் நிதிக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். மாற்றி முடித்து, உங்கள் பெயரில் சான்றிதழ் வந்த அன்றிலிருந்து மிச்சக் கணக்கைத் தொடங்கலாம்.